இருளப்பனின் சிக்காகோ கோட்டு

அந்தக் கோட்டை நான் தைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டில். கண்டியில் எனக்கென்று ஒரு தையல் மெஷினும் சின்னக் கடையும் இருந்த காலம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதை விட்டு வந்து கண்டியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த இருளப்பன் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தான்.

"முனாப் நானா, அமெரிக்காப் படம் ஒண்ணு ஓடுது. அதுல வர்றவன் போட்டிருக்கிற மாதிரி எனக்கு ஒரு கோட்டு வேணும்."

"நான் அந்தப் படம் பாக்கல்லயே தம்பி."

"அதுக்குத்தான் கூப்பிட வந்தேன். வாங்க."

மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். சிக்காகோவில் கள்ளச்சாராயம் கடத்தும் ஒருவனின் கதை. ஆங்கிலப் பேச்சு எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. ஆனாலும் கதை விளங்கியது. கந்தலோடு வந்தவன் துப்பாக்கி பிடித்துப் பெரிய ஆளாகிறான். அவன் நடந்து வந்தால் தெருவே ஒதுங்குகிறது. கடைசியில் அதே தெருவில் சுடப்பட்டுச் சாகிறான். நான் கோட்டைப் பார்த்தேன்: அகலக் கொலர், இரண்டு வரிசைப் பொத்தான், ஆழமான பை. இருளப்பன் அந்த ஆளைப் பார்த்தான். தோள் அளவு மனதில் நிற்கவில்லை என்று பொய் சொல்லி இன்னும் இரண்டு தடவை அவனோடு போனேன். கச்சான் கடலை கொறித்தபடி முன் வாங்கில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது.

கோட்டு தயாரானதும் விஷயத்தைச் சொன்னான். மாமன் சடையனின் மகள் வேலாயியைப் பெண் கேட்க வேண்டும். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை.

"நீங்கதான் பெரியவரா வரணும் நானா."

போனேன். அவன் அந்தக் கோட்டோடு படத்து ஆளைப் போலத் தொப்பியும் போட்டு வந்தான். தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில், ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி நின்றார். அந்தத் தோட்டத்தில் அவர் முன்னால் யாரும் தலைப்பாகையோடு நிற்க முடியாது.

"தொப்பியக் கழட்டுடா. யாரு முன்னாடி நிக்கிறேன்னு தெரியுதா?"

இருளப்பன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான், படத்தில் அந்தச் சிக்காகோக்காரன் துப்பாக்கி எடுக்கச் செய்ததைப் போலவே. கங்காணியின் ஆட்களில் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் காதில் ஏதோ சொன்னான். கங்காணி இரண்டு அடி பின்னால் போனார். பைக்குள் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது சடையன் வெளியே வந்தார். இருளப்பன் வெறுங்கையை வெளியே எடுத்து, தொப்பியைக் கழற்றி, "கும்பிடுறேன் மாமா" என்றான்.

கங்காணி அந்த வெறுங்கையைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

ஒரு கிழமைக்குள் சடையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனுஷன், மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூட்டைகளோடு, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் இருளப்பனின் அறைக்கு வந்து சேர்ந்தார்.

இருளப்பன் கோட்டை என் மேசையில் வைத்தான்.

"படத்துல அவன் செஞ்சதுக்கு அவன்தான நானா செத்தான்? நான் செஞ்சதுக்கு மாமா வேல போச்சே." அவன் கண் கலங்கியது. "மர ஆலையில அவருக்குக் காவல் வேல பேசியிருக்கேன். இத அவருக்கு அளவாக்கிக் குடுங்க."

சடையன் கடைக்கு வெளியே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ. தலப்பா தலயிலேயே ஈக்கட்டும்" என்றேன்.

அளவெடுக்கும்போது கூச்சத்தில் சிரித்தார். அதற்கு முன் யாரும் அவரை அளவெடுத்ததில்லையாம்.

மகளின் கலியாணத்தன்று எல்லாப் பொத்தான்களையும் பூட்டி அதைப் போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்கு மறுபடி வந்திருந்த அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமென்று வேலாயி நின்றாள். நாலு பேரும் போனோம். சிக்காகோக்காரன் தெருவில் விழுந்தபோது சடையன் உரக்கச் சொன்னார்: "அடப் பாவமே, தூக்கிவிட ஒரு சொந்தக்காரன்கூட இல்லியே!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. வேலாயி வாயைப் பொத்திச் சிரித்தாள். வெளியே வெயில் இறங்கியிருந்தது. வாவிக் கரையில் கச்சான் வாங்கி, பேசிக்கொண்டே நடந்தோம். அவர்கள் மூவரும் கண்டியை விட்டு நாவலப்பிட்டிக்குக் குடிபோவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.