இன்னும் தூங்கல

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் தங்கையின் கதை. கட்டிட வேலையில் கிரேன் ஓட்டுகிறாள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிப் போனால், கேட்டருகே அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்களாம். பிள்ளை பெற்ற உடம்பு, இனி மேலே ஏறுவானேன், வருகிற லாரிகளைக் குறித்துக்கொண்டு உட்காரட்டும் என்று. அவளை யாரும் கேட்கவில்லை.

2.
முதல் ஆரம்பம்: 'கண்ணீரோடு அவள் கிரேனை அண்ணாந்து பார்த்தாள்.'

(போனில் வாசித்துக் காட்டினேன். "அக்கா, நான் எங்க அழுதேன்? சண்டைதானே போட்டேன்!" அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'தாய்மை என்பது ஒரு

(மன்னிக்கவும். அவள் மகன் என் மடியில்தான் இருக்கிறான். எழுத்தாளர் என்றால் வீட்டில் சும்மா இருப்பவள் என்பது எங்கள் குடும்பத் தீர்ப்பு. மடி நனைந்துவிட்டது. நல்லவேளை, அந்த வாக்கியம் முடியவில்லை.)

3.
சண்டை போட்டதில், சோதனையாக ஒரே ஒரு லோடு தூக்கிக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஒழுங்காக இறக்கினால் கிரேன், இல்லாவிட்டால் நாற்காலி. கீழே சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி யோசனையே அவருடையதுதான். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எனக்கும் சௌகரியம்.

கம்பிக்கட்டு பூப்போல இறங்கியது. "உக்காந்துடுச்சும்மா, கயித்த விடு," என்றார் கீழிருந்து வழிகாட்டும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில். அவள் விடவில்லை. மாதக்கணக்கில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, கையை உருவாமல் காத்திருந்து பழகியவள்.

"இருங்கண்ணே, இன்னும் தூங்கல."

வாக்கிடாக்கி வைத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

4.
முடிவு ஒன்று: நாற்காலி.

முடிவு இரண்டு: எல்லோரும் கைதட்டுகிறார்கள். (சினிமா. வேண்டாம்.)

நடந்தது: வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல்.

"தூங்கினதும் சொல்லும்மா. அடுத்த லோடு காத்துட்டிருக்கு."

அப்பாடா! (அவருக்கு இரட்டைப் பிள்ளைகளாம். முன்பே தெரிந்திருந்தால் வில்லனாக்கப் பார்த்திருக்க மாட்டேன்.) அந்த நாற்காலியில் இப்போது சிக்னல்காரரின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது.

5.
சூப்பர்வைசருக்கு அவள் என்ன பதில் சொன்னாள்? கேட்டால் சிரிக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது ஒரு கைதான் மிச்சம். இன்னொன்று அவள் மகனின் தலைக்கடியில் கிடக்கிறது. மெதுவாக உருவிப் பார்க்கி

இருங்கள்.