பத்தெண்ணி வாய் திறந்த கதை

காலையில் மனநல வார்டில் சமூகப் பணியாளர், மதியத்துக்கு மேல் கல்லூரியில் அதே தொழிலுக்கு வாத்தியாரம்மா. பதினெட்டு வருஷமாக இப்படித்தான். எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் வாயைத் திறக்காதே, மனசுக்குள் பத்து எண்ணு, மிச்சத்தையும் அவரே கொட்டிவிடுவார். இதுதான் அவள் நடத்தும் முதல் பாடம். பிள்ளைகள் வைத்த பெயர் பத்தெண்ணி. வீட்டுக்காரரோ, "டீ வேணுமான்னு கேட்டா, அவ எண்ணி முடிக்கறதுக்குள்ள ஆறிடுது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்குக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், இனிமே துறைத் தலைவர் நீங்கதான். வார்டை விட்டுட்டு முழு நேரமும் இங்க வந்துடுங்க. என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் தொட்டில் பழக்கமாச்சே, விடுமா? ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிட்டாள். ஏழில் அவர் மேஜையைத் தட்டினார்.

"மௌனம் சம்மதம்! ரொம்ப சந்தோஷம் மேடம்."

பத்து வருவதற்குள் சுற்றறிக்கை டைப்பாகிக்கொண்டிருந்தது.

விஷயம் கேட்டு வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டப்பவும் இப்படி எண்ணிட்டுத்தான் இருந்தியா?"

அதற்கு அவள் எண்ணினாளா, முறைத்தாளா, அது நமக்கெதற்கு? அவள் கவலையெல்லாம் வார்டிலிருந்த தையல்காரர்மேல். நாலு மாசம் ஊமையாய்க் கிடந்த மனுஷர், போன வாரம்தான் அவளிடம் "ஜன்னலைச் சாத்துங்க" என்றிருந்தார். அவரை யார் கையில் விட்டுவிட்டு வருவது?

மறுநாள் முதல்வர் அறைக்குள் விடுவிடுவென்று போனாள்.

"சார், நேத்து நான் சம்மதிக்கல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. போன வருஷம் அவள் நடத்திய பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவராயிற்றே! ஆறு வரை தாங்கினாள். அப்புறம் மடை உடைந்தது.

"தையல்காரர் இப்பத்தான் சார் வாயைத் திறந்திருக்கார். இப்ப விட்டா மறுபடி மூடிக்குவார். அதோட... வார்டுக்குப் போகலன்னா பிள்ளைங்களுக்குச் சொல்ல என்கிட்ட என்ன சார் இருக்கு? இப்பவே பாதி நாள் பழைய நோட்டைத்தான் வாசிக்கறேன். எனக்கே தூக்கம் வருது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பத்து!" என்றார் முதல்வர், வாய்விட்டே. "நோட்டு எவ்வளவு பழசு?"

"பன்னெண்டு வருஷம்."

சுற்றறிக்கையை இரண்டாகக் கிழித்தார். "வார்டு உங்களுக்கு. தலைவர் பதவிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். அந்த நோட்டை மட்டும் எங்கிட்ட கொடுத்துடுங்க. நாளையிலிருந்து வார்டுல பார்த்ததைப் பேசுங்க."

வார்டு பிழைத்தது. நோட்டு கைமாறத்தான் இரண்டு வாரம் ஆனது, அதுவும் முதல்வர் பியூனை அனுப்பிய பிறகு.