மூடினால் தூங்கும்

மாலை நாலே முக்காலுக்கு அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். முதுகு சுட்டது.

பையை இறக்கித் திறந்தாள். மதியம் மூடி உள்ளே வைத்த லேப்டாப். மூடியைத் தூக்கியதும் திரை வெளிச்சமாக நின்றது. பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. அது தூங்கவே இல்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் நிறுவனம் அது. ஊசி, புண் கட்டு, இரத்தப் பரிசோதனை. செவிலியர் கையிலிருந்த பழைய லேப்டாப்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. புதிதாக எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கம்ப்யூட்டர் பிரிவில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

மேஜையில் இரண்டு இருந்தன. ஒன்று எந்தக் கடையிலும் கிடைப்பது. அதில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு அவளே லினக்ஸ் ஏற்றியிருந்தாள். சுட்டது மற்றது. லினக்ஸுக்கென்றே செய்தது. செய்தவர் அத்தான், அக்காவின் கணவர்.

அவருடைய கம்பெனியில் முதல் ஆளாகச் சேர்ந்தவள் அவள். லேப்டாப் எப்போது தூங்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவளும் அவள்தான். ஒருமுறை விற்று அனுப்பிய லேப்டாப்களில் முக்கால்வாசி திரும்பி வந்தன. பேட்டரி மட்டமானது; விலை குறைவென்று அத்தான் வாங்கியது. பழி அவள் தலையில் விழுந்தது. அவள் நாற்காலியில் அத்தானின் தம்பி உட்கார்ந்தான்.

அத்தான் கம்பெனியின் புது அலுவலகம் திறந்த அன்று சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு அத்தான் அவளைக் காட்டிச் சொன்னார்.

"இவ கை வெச்சதைக் கழுவவே எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வேறு வழி தெரியாமல் அவளும் சிரித்தாள். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அவள் லேப்டாப்பை மறுபடி மூடிப் பார்த்தாள். காத்திருந்தாள். சூடு. அடுத்து, பழைய ஞாபகத்தில், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திவிட்டு மூடினாள். உடனே அடங்கியது. குளிர்ந்துவிட்டது.

புரிந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அத்தானின் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. திரையை அப்படியே விட்டு எழுந்து போனவன் தொலைந்தான். பக்கத்து ஆள் அவன் பெயரில், இன்று எல்லோருக்கும் என் செலவில் சாப்பாடு என்று ஆபீஸ் முழுக்க அனுப்பிவிடுவான். வாங்கித் தந்தே ஆக வேண்டும். ஒருமுறை அத்தானே மாட்டிக்கொண்டு முகம் கறுத்துப்போய் வாங்கித் தந்தார். அதிலிருந்து அங்கே எல்லோருக்கும் எழுமுன் இடது கை தானாகவே அந்த இரண்டு விசைகளுக்குப் போகும். திரை பூட்டிக்கொள்ளும், லேப்டாப் தூங்கிவிடும். அப்புறம்தான் மூடுவார்கள். வெறுமனே மூடும் ஆள் அங்கே ஒருவரும் கிடையாது.

அவள் எழுதியதை அவர்கள் துடைத்தபோது, மூடினால் தூங்கு என்று சொல்லும் பகுதியும் சேர்ந்து போயிருக்கிறது. இந்த மாடல் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அதனால் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவள் விரல்கள் மட்டும் இத்தனை நாளில் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தன.

ஒரு போன் போதும். அத்தான் தம்பியை உட்கார வைத்து ஒரே நாளில் சரி செய்துவிடுவார். பிறகு சிரித்துக்கொண்டே வருவார். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அவளுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்து நடந்தது.

அவள் போன் செய்யவில்லை.

மறுநாள் பெரிய சிஸ்டரிடம் இரண்டின் நிறை குறைகளையும் சொன்னாள். வீடுகளுக்குப் போகும் செவிலியர் அத்தனை பேருக்கும் தலைவி அவர். சிவப்பு மசியில் மணிக்கட்டிலேயே எதையாவது குறித்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர். லினக்ஸுக்கென்றே செய்ததில் கேமராவையும் மைக்கையும் அடியோடு அணைக்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, நோயாளிகள் நம்புவார்கள் என்றாள். நாலு திருகாணி கழற்றினால் பேட்டரியை நாமே மாற்றலாம். வேலைக்கு நடுவே அப்டேட் என்று வந்து நிற்காது. இரத்தக் குப்பிக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர் சொருகியதும் ஓடியது. குறை என்றால் விலை கூட. ஸ்பீக்கர் தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கிறது. பழுது பார்க்க ஒரே இடம்தான். கடை லேப்டாப்பில் விலை குறைவு, பேட்டரி நன்றாக நிற்கிறது, ஆனால் வைஃபை நினைத்தால் வரும், கைரேகை பார்ப்பது வேலையே செய்யவில்லை, உள்ளே எதையும் மாற்ற முடியாதபடி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் உண்மை. தூக்கத்தைப் பற்றிப் பெரிய சிஸ்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். சாப்பாடு, தூக்கம், அம்மாவின் முழங்கால் என்று சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றாள். அத்தான் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையாம். நிறை குறை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அவள் பதில் சொன்னாள்.

"குறையை நீ நல்லாவே பார்ப்பே," என்றாள் அக்கா. "நிறையையும் கொஞ்சம் பாருடி."

அடுத்த வாரம் செயல்விளக்கத்துக்கு அத்தான் புதுச் சட்டையில் வந்தார். அறையில் நான்கு பேர். அவள், அத்தான், பெரிய சிஸ்டர், கணக்குப் பிரிவு அதிகாரி. எவ்வளவு பணம் கேட்டாலும் பாதியாக வெட்டுவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார்.

அத்தான் அவளை மேடம் என்று கூப்பிட்டார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. சுவிட்சைக் காட்டினார். திருகாணிகளைக் கழற்றி மாட்டினார். கடைசியில் இடது கை தன் பாட்டுக்கு இரண்டு விசைகளைத் தட்டியது, வலது கை மூடியது. பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அத்தான், மூடினா தூங்குமா?" என்று கேட்டாள்.

"குழந்தை மாதிரி தூங்கும். முன்னாடி ஒருத்தர் எழுதினதுல அது ஒரே தகராறு. எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டோம்."

அவள் தலையாட்டினாள். அப்படியானால் சிஸ்டரே ஒருமுறை, நோயாளி வீட்டில் செய்வது போலச் செய்து பார்க்கட்டும் என்றாள். பெரிய சிஸ்டர் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினார், பிரிண்டரில் ஒரு லேபிள் அடித்தார், படார் என்று மூடினார். பிறகு காலடியிலிருந்த தன் பையை எடுத்தார். கூட்டம் முடிந்ததும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் அடுக்கியே கொண்டுவந்திருந்தார். பஞ்சு, கட்டுத்துணி, ஒரு நீலக் குளிர் உறையில் ஊசி மருந்துக் குப்பிகள். லேப்டாப்பை அந்த நீல உறையை ஒட்டிச் செருகி ஜிப்பை இழுத்தார்.

அவள் நீல உறையைப் பார்த்தாள். அந்த மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டியது என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வாயைத் திறந்தாள்.

"மேடம் ஏதோ சொல்ல வர்றாங்க," என்றார் அத்தான். "பழைய கம்பெனிப் பாசம், இன்னும் விடலை."

கத்தரி சிரித்தார்.

ஒன்றுமில்லை, டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

டீ வந்தது. கத்தரி விலையைப் பிடித்துக்கொண்டார். அத்தான் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். கடை லேப்டாப்பின் விலையைச் சொல்லிக் கத்தரி இன்னும் வெட்டினார். அவள் நடுவில் புகுந்து உத்தரவாதம் பற்றிக் கேட்டாள். தெரிந்த பதில்தான். அத்தான் விரிவாகச் சொன்னார், அவள் விரிவாகக் கேட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பியபோது விலையும் படிந்துவிட்டது. கத்தரி கை நீட்டினார். அத்தான் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"நேரமாச்சு," என்று பெரிய சிஸ்டர் பையைத் தூக்கினார். உடனே கீழே வைத்தார். அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜிப்பைத் திறந்து லேப்டாப்பை இரண்டு விரலால் பிடித்து மேஜைமேல் எடுத்து வைத்தார். அது இரைந்துகொண்டிருந்தது.

கத்தரி தொட்டுப் பார்த்தார். "குழந்தைக்கு ஜுரம் போலிருக்கே."

அத்தான் மூடியைத் தூக்கினார். திரை வெளிச்சமாக இருந்தது. பெரிய சிஸ்டர் கடைசியாகத் தட்டியது அப்படியே தெரிந்தது. அத்தானின் இடது கை விசைகளுக்கு மேலே வந்து நின்றது.

"இல்ல, நாங்க எப்பவும் மூடறதுக்கு முன்னாடி..." நிறுத்திக்கொண்டார். அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூடினா தூங்கும்னு நீங்கதானே சொன்னீங்க அத்தான்."

மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. அத்தானின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. அவர் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயில் இனிப்பைக் கரைய விடுவது போல அதை முழுக்கப் பார்த்தாள். குலுக்கிய கையைக் கத்தரி கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, இதை மறுபடி யோசிக்கலாம் என்றார். அத்தான் லேப்டாப்பைப் பெட்டியில் வைக்கத் தடுமாறினார். ஒருவரும் உதவவில்லை. கதவை மூடாமலே போனார்.

பெரிய சிஸ்டர் நீல உறையைப் பிரித்திருந்தார். குப்பிகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். நோயாளியின் வீட்டுக்குப் போன் செய்தார். இன்று வர முடியாது, நாளைக் காலைதான், அதுவரை அப்பாவை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுமுனையில் யாரோ நீளமாக ஏதோ சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டு, வலிக்கத்தான் செய்யும், தெரியும் என்றார்.

போனை வைத்தார். காலி உறையை மடித்தார். கத்தரி டீக் கோப்பைகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார் பெரிய சிஸ்டர். "ரெண்டு வாரமா அது உன் மேஜையிலதானே இருந்துச்சு. ஒரு தடவைகூட நீ அதை மூடிப் பார்க்கலையா?"