திங்கட்கிழமை செங்கோட்டை

கேரளத்துப் பீர்மேட்டிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் டெல்லியில் செங்கோட்டை வாசலில் போய் இறங்கியபோது கதவு சாத்திக் கிடந்தது. திங்கட்கிழமைகளில் கோட்டைக்கு விடுமுறை.

“வரும்போது ரயில் லேட்டானதுல நாளு மாறிப்போச்சு, சேச்சி. நான் என்ன செய்ய?” என்றான் கூட்டத்தை அழைத்து வந்த ஜிஜி. “எல்லாரும் வெளிய நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க. அடுத்தது துணிக்கடை. சாயங்காலம் ரயிலு.”

மற்றவர்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். இருதயம்மாள் போய் நிற்கவில்லை. ஆயுசில் பாதியைத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக் கழித்தவள். போன மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். எங்கே போக ஆசை என்று பிள்ளைகள் கேட்டபோது வேளாங்கண்ணி என்பாள் என்று நினைத்தார்கள். அவள் செங்கோட்டை என்றாள். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் தொலைக்காட்சியில் அந்தச் சிவப்புச் சுவரைப் பார்த்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கேட்பாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

“நாளைக்குத் திறப்பாங்கல்ல?”

“திறப்பாங்க. நாம அப்ப ரயில்ல இருப்போம்.”

“நீங்க போங்க. நான் பாத்துட்டு வாரேன்.”

அவள் கணவன் சுவக்கீன் பஸ் படியிலிருந்து இறங்கி வந்தார். “ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா? பாஷை தெரியாத ஊரு. ஏறு வண்டியில.”

“உங்களுக்குத்தான் தெரியாது.”

அது உண்மை. தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பெண்களோடு சேர்ந்து கொழுந்து பறித்து, அவள் அரைகுறையாக இந்தி பேசுவாள்.

“டிக்கெட்டு?”

“ஜெனரல் பெட்டியில நின்னுக்கிட்டு வாரேன். மழையில சரிவுல நின்ன காலு இது. வாரதுன்னா வாங்க. இல்லன்னா என் பையை மட்டும் எறக்கி வச்சிட்டுப் போங்க.”

சுவக்கீன் விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறிக்கொண்டார். எஞ்சின் உறுமியது. கூப்பிட்டால் நிறுத்துவார்கள் என்று இருதயம்மாளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள்.

வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. சுவக்கீன் இரண்டு பைகளோடு இறங்கி வந்தார்.

எதிர்த் தெருவில் பூ விற்றவளிடம் இருதயம்மாள் இந்தியில் தங்க இடம் கேட்டாள். பூக்காரி சீக்கியர்களின் குருத்வாராவைக் கைகாட்டினாள். அங்கே தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்கள். இரண்டாவது ரொட்டி தட்டில் விழுந்தபோதுதான் சுவக்கீன் வாயைத் திறந்தார்.

“நம்ம கோயில் திருநாள்ல போடுற அசனப் பந்தி மாதிரில்ல இருக்கு!”

மறுநாள் காலை கோட்டைக் கதவு திறந்ததும் முதல் ஆட்களாக நுழைந்தார்கள். கூரை போட்ட கடைத்தெருவைத் தாண்டினால் புல்வெளி, தூண்கள் நிறைந்த பெரிய மண்டபம், அதற்கும் பின்னால் வெள்ளைப் பளிங்கு அறைகள். இருதயம்மாள் எதையும் விடவில்லை. அறைகளின் நடுவே வறண்டு கிடந்த வாய்க்காலைக் காட்டிக் காவலாளியிடம் கேட்டாள். அவர் சொன்னதைக் கணவனுக்குச் சொன்னாள்.

“குளிர்ச்சிக்காக வீட்டுக்குள்ளயே தண்ணிய ஓட விட்டிருக்காரு ராஜா.”

“நம்ம லயத்து வீட்டுக்குள்ள கர்க்கடக மாச மழையில தானா ஓடுமே. நாமளும் ராஜாதான்.”

அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார். சுவக்கீனும் சிரித்துவிட்டார்.

கடைசிச் சுவர் வரை போய் எட்டிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் அதை ஒட்டி ஆறு ஓடியதாம். இப்போது லாரிகள் ஓடின. அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

“இதுக்கா இம்புட்டுப் பிடிவாதம்?” சுவக்கீனின் குரலில் கோபம் இல்லை.

“ஆமா. இனிமே டிவியில காட்டும்போது உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல.”

வெளியே வந்ததும் அவளுக்கு முழங்கால் கடுத்தது. ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா என்றாள். சுவக்கீன் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

“குதுப்மினாருக்கு எந்த மெட்ரோன்னு அங்க நிக்கிற ஆளுகிட்ட கேளு. வந்தது வந்தாச்சு, அதையும் பாக்காம நான் வரமாட்டேன்.”