லாக் தொட்டிக்குள் முசியே புர்வோ

முசியே புர்வோ தன் புது இழுவைப் படகுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். வெள்ளோட்டத்துக்கு நகராட்சிப் பெரியவர்கள், அவர்களுடைய மனைவிமார், ஒரு பேண்டுக் குழு. அடியில் கரி தள்ள நான்.

பாரிஸின் சேன் மார்த்தேன் கால்வாயில் மேலேறுகிற படகு முதலில், முன்னும் பின்னும் கதவுள்ள லாக் தொட்டிக்குள் நுழைய வேண்டும். பின்கதவு மூடும். கரையில் இருப்பவர் சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறந்தால் நீரும் ஏறும், படகும் ஏறும். அதுவரை கிணற்றடியில் நிற்பதுபோலத்தான்.

அன்று சக்கரத்தின் பக்கத்தில் நின்றவள் லெயோந்தின். போன வருஷம், கதவு திறக்கும்வரை பொறுக்க மாட்டாமல் புர்வோ தன் ஆட்களை விரட்டியதில் அவருடைய படகு கதவில் மோதியது. கதவின்மேல் நடந்துகொண்டிருந்த அவள் கணவன் எவாரிஸ்த் தண்ணீரில் விழுந்து செத்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று விசாரணையில் சத்தியம் செய்தார் புர்வோ. எவாரிஸ்த் வைனைத் தொடாதவன். கால்வாயில் அப்படியும் ஒருவன் இருந்தான் என்று யார் நம்புவார்கள்? பாரிஸ் புர்வோவை நம்பியது.

பின்கதவு மூடியது. சக்கரம் அசையவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்று கத்தினார் புர்வோ.

"முழிச்சுதான் இருக்கேன் முசியே. என் புருசன் அன்னிக்குக் குடிச்சிருந்தாரா? உண்மையைச் சொல்லுங்க, தண்ணி விடுறேன்."

"உன் வேலையே போயிடும்!"

"போகட்டும். புது ஆள் வர்ற வரைக்கும் அங்கேயே நில்லுங்க."

சுவரில் இரும்பு ஏணி இருந்தது. நகராட்சி உறுப்பினர் ஒருவர் வீரமாக இரண்டு படி ஏறி, கால்சட்டையெல்லாம் பாசியோடு இறங்கினார். சுவர் ஒழுகி அவர் மனைவியின் தொப்பி நனைந்தது.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் அந்த அம்மாள்.

புர்வோ தொண்டையைச் செருமினார். "பெருமக்களே! உழைப்பின் சிகரமாம் எவாரிஸ்த் அவர்களை என் உடன்பிறப்பாகவே..."

லெயோந்தின் கல்லில் உட்கார்ந்து ரொட்டியை எடுத்தாள். "பேச்சு வேணாம். ஒரே வரி. தொப்பியைக் கழட்டிட்டு."

"அவன் குடிக்கல. நான் அவசரப்படுத்தினேன். என் படகுதான் இடிச்சுது."

சொற்பொழிவு முடிந்ததென்று பேண்டு முழங்கியது. பழக்கதோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் வாத்தியம் ஓயும்வரை மென்றுகொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ. வாத்தியம் இல்லாம."

சொன்னார். அவள் மதகை முழுவதும் திறந்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் பெரியவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

மேலே வந்தபோது கரையில் மதுக்கடைக்காரர், சலவைக்காரிகள், மற்றப் படகுக்காரர்கள் என்று கால்வாயே திரண்டிருந்தது. லெயோந்தின் முன்கதவைத் திறக்கவில்லை.

"இவங்க இப்பதான் வந்தாங்க முசியே," என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க."