வெட்டப்பட்ட பதினோரு நிமிடம்

பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் அதைக் கேட்டாள். கூரை மூலையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் ஏழு வயலின்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. கடவாய்ப் பல்லின் வலியை மறந்து நிமிர்ந்தாள். அவள் எழுதிய இசை. இப்போது முரசு விழ வேண்டும். விழவில்லை. ஏறிய வயலின்கள் அப்படியே வழுக்கிக் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டன. நடுவில் பதினோரு நிமிடத்தைக் காணோம்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய், "இது என்னங்க பாட்டு?" என்று கேட்டாள்.

"பேரு தெரியலைங்க. 'தூக்கம் தரும் தெய்வீக இசை'ன்னு ஒரு வரிசை இருக்கு. அதைப் போட்டுவிட்டா வர்றவங்க பயப்படாம உக்காந்திருப்பாங்க."

பல்லைக் காட்டாமலே வெளியே வந்துவிட்டாள்.

அந்த இசையை எழுத அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு முன் எட்டு மாதம் அவள் கணவர் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார். அங்கே தரைத்தளத்தில், மருந்துக் கடையை ஒட்டி, எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒரு பிரார்த்தனை அறை இருந்தது. படம் இல்லை, சிலை இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும். அவளுக்கு நம்பிக்கை என்று எதுவும் கிடையாது. தொலைக்காட்சி அலறாத ஒரே அறை என்பதால் போய் உட்காருவாள். தினமும் மத்தியானம் ஒரு லாரி ஓட்டுநர் வருவார். அவருடைய மகள் மூன்றாவது மாடியில் இருந்தாள். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையை அறைந்து, "என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே நீ? பதில் சொல்லு" என்பார், பக்கத்து வீட்டுக்காரனைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதைப்போல.

கும்பிடுவது என்றால் கெஞ்சுவது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். சண்டை போடவும் எதிரே ஒருவர் இருந்தாக வேண்டுமே என்று அந்த அறையில்தான் உறைத்தது. அந்த ஆளின் அறைதான் அவள் இசையில் முரசானது. அந்தக் கேள்விதான் குரலானது. அந்தப் பதினோரு நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினாள்.

நேரே தங்கையின் அலுவலகத்துக்குப் போனாள். அவளுடைய ஒப்பந்தங்களை எல்லாம் பார்த்துக்கொள்வது தங்கைதான்.

"வெட்டினது உனக்குத் தெரியுமா?"

தங்கை கணினியை விட்டுத் திரும்பினாள். "கொஞ்சம் சுருக்குறோம்னு இசை நிறுவனத்துல கேட்டாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டேன். நீதானேக்கா, தாளை எல்லாம் எங்கிட்ட கொண்டு வராதேன்னு சொன்னே?"

அதுவும் உண்மைதான். அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. "இனிமே எனக்காக நீ ஒரு புள்ளிகூட வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்து, அந்தப் பதினோரு நிமிடத்தைப் பாடியவரின் பட்டறைக்குப் போனாள். அவர் தொழிலால் வெல்டர். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல். மேடை ஏறியவர் அல்ல, அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கியபோது அவரே முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"தெரியும்மா. வீட்டுல போட்டுக் கேட்டோம். உங்க குரல் எப்ப வரும், எப்ப வரும்னு என் வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் தூங்கிட்டா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் 'குரல்' என்று போட்டு அவர் பெயர் இருந்தது. உள்ளே அவர் இல்லை.

"நீங்க சம்மதம் குடுத்தீங்களா?"

"என்னை யார் கேட்டா?"

மறுநாள் இருவரும் இசை நிறுவனத்துக்குப் போனார்கள். மேலாளர் முப்பது வயதுக்காரர், மரியாதையானவர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"மேடம், உங்க இசையில ஒரு ஆன்மிகம் இருக்கு. ஜனங்க நிம்மதியைத் தேடி வர்றாங்க. நடுவுல அந்த இடம் வந்தா தூங்கறவங்க எழுந்திருச்சுடுவாங்க."

"எழுந்திருக்கணும்னுதான் எழுதினேன்."

"வகைன்னு ஒண்ணு வேணும்ல மேடம். ஆன்மிகம்னா அமைதிதானே?"

"யார் சொன்னது? யாராவது சாகறதை நீங்க பாத்திருக்கீங்களா?" அவள் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள். "தலையையும் வாலையும் வச்சுக்கிட்டு, நடுத்துண்டத்தைக் குப்பையில போட்டுட்டு, முழு மீன்னு விக்கிறீங்க. அதுக்குத் தெய்வீகம்னு பேரு வேற."

மேலாளர் தங்கையின் கையெழுத்தை எடுத்துக் காட்டினார். அப்போது வெல்டர் தன் ஒப்பந்தத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். அவர் பாடியதை மாற்றினாலோ நீக்கினாலோ அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று அதில் இருந்தது. மேலாளர் இரண்டு முறை படித்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வெட்டிய பதிப்பை எடுத்துவிட்டு முழுசாகவே வெளியிடுவதாகச் சொன்னார்.

"ஆனா ஒரு வகையைத் தொட்டாதான் அடுத்த பக்கம் போகும்" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆன்மிகம், செவ்வியல், பரிசோதனை, உலக இசை, மற்றவை.

"இதுல சண்டைன்னு ஒண்ணு இல்லையே."

"இல்ல மேடம்."

"இந்த உலக இசைன்னா என்ன? மத்ததெல்லாம் எந்த உலகத்துல வாசிக்கிறது?"

வெல்டர் விரலை நீட்டி 'மற்றவை'யைத் தொட்டார். "இங்கேயே இருப்போம்மா. தொந்தரவு பண்ண ஒருத்தரும் வரமாட்டாங்க."

வரவும் இல்லை. தூங்குவதற்காக அதைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முழுசாகக் கேட்டவர்கள் முதல் மூன்று வாரத்தில் எண்பத்துமூன்று பேர். வென்றுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றுதான் இருந்தது. பாத்திரம் கழுவும்போதுகூட அந்த மேலாளருக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காவது வாரம் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கேட்டேன்க்கா. முழுசா."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"எனக்குப் பிடிக்கல. அந்த ஆள் கேக்க ஆரம்பிச்சதும் எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு. ரெண்டு தடவை நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அத்தான் மேல கோவம் வந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் வந்ததில்ல. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரேன்னு." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "நாலு நாளா அந்தக் கோவம் போகமாட்டேங்குது."

"கையெழுத்துப் போடறதுக்கு முந்தி நீ இதைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பேன்."

அதை மன்னிக்க அவளால் முடியவில்லை. ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கைக்குப் போட்டாள்.