இறங்கிப் போன நிலம்

1987 புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செல்லனின் ஒன்றரை ஏக்கர் நிலம், எல்லைக் கற்கள் நான்கையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் போனது. அது கிடந்த இடத்தில் பாறைதான் மிச்சம். மூன்று வருஷமாக மழை இல்லை. ஆட்கள் கேரளாவுக்குப் போனார்கள், மாடுகள் சந்தைக்குப் போயின. நிலமும் போனதில் மலையில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. எதனால் போனது என்பதில்தான் பேச்சு.

அங்கே ஆடியில் எல்லாரும் ஒரே நாளில் சாமை விதைப்பார்கள். அன்று விதைக்காதவன் விதையைத் தின்றுவிட்டான் என்று அர்த்தம். செல்லன் தின்றிருந்தான், கடைசி இரண்டு படியை ஆனியிலேயே அவன் மனைவி ஆயம்மாள் கஞ்சியாக்கிவிட்டாள். மானத்துக்குப் பயந்து காலிக் கூடையை இடுக்கிக்கொண்டு, வெறுங்கையை வீசி வீசி ஒன்றரை ஏக்கரையும் விதைத்து முடித்தான். அடுத்த காட்டுப் பாவாடை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். நிலத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முளைக்கும் என்று அது ஆவணி முழுக்கக் காத்திருந்தது.

"வெறுங்கையால சோறு போட்டா நான்கூட எழுந்து பூடுவேன்" என்றாள் ஆயம்மாள்.

செல்லன் பின்னாலேயே ஓடினான். இடஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க ஒரு வாரம் சாலை மறியல். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். தாண்ட முடியாமல் நிலம் அங்கேயே படுத்திருந்தது. அதன்மேல் அடுப்பு மூட்டி மறியல்காரர்கள் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பெருசு, உன்துதா? ஓட்டிக்கினு போ, வழியில கெடக்குது."

"வர மாட்டேங்குதுங்க."

"ஏன், கோவமா?"

"வெதை கேக்குதுங்க."

சிரித்தார்கள், ஆனாலும் அவனுக்கு இலை போட்டார்கள்.

விதை தேடிக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தான். கடைகளெல்லாம் அடைப்பு. ஏழாம் நாள்தான் தானியக் கடை கலீலுல்லாவின் மனைவி மெஹ்ராஜ் பேகம் பின்கதவைத் திறந்து, "மூஞ்சப் பாத்தா வழியிலயே தின்னுடுவ போலக்கீதே" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி சாமை விதை கொடுத்தாள். துண்டில் முடிந்துகொண்டான். தின்னவில்லை. திரும்பி வந்தபோது மரங்களும் இல்லை, நிலமும் இல்லை. செங்கல் சூளை ராஜாங்கம் இரண்டையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

"அதும்மேல உம் பேரா எழுதியிருந்துது? ரோட்ல கெடந்துது, அள்ளினேன். வேலை வேணும்னா பொஞ்சாதியக் கூட்டிக்கினு வா" என்றார் ராஜாங்கம்.

வந்தார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே மிதித்துக் குழைத்து, அச்சில் அடித்து, சூளையில் அடுக்கினார்கள். அந்தப் புளியமரங்கள்தான் விறகு. வேகும்போது நிலம் முனகியதாக ஆயம்மாள் சொன்னாள். விறகு பச்சை, அதனால்தான் என்றான் செல்லன். வெந்த கல் முழுவதும் ராஜாங்கத்தின் புது வீட்டு மதிலுக்குப் போனது.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து பெய்தது. மலையில் பாறைமேல் விழுந்து வழிந்து ஓடிற்று. அத்தனை நாள் பட்டினியிலும் அவிழ்க்காத முடிச்சை அவிழ்த்து, செல்லன் விதையை மதில்மேல் விசிறினான். மாசியில் மதில் முழுக்கக் கதிர். அதைப் பார்ப்பதற்கென்றே பாவாடை பஸ் ஏறி வந்து, விளைச்சல் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனான். மதில்காரனுக்குப் பாதி என்றார் ராஜாங்கம். அது நியாயம்தான் என்றது ஊர்.

இன்றைக்கும் மாசியில் ஆயம்மாள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, செல்லன் ஏறி அறுக்கிறான். ஏணியும் ராஜாங்கத்துடையது, அதற்குத் தனியாக ஒரு படி.